குலுக்கலில் விழுந்த காரியதரிசி

மதுரை மேல ஆவணி மூல வீதியில், ஒரு நெய்க்கடைக்கு மேலே இருந்த மாடியில்தான் அந்தச் சபை நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடும். வக்கீல்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஒரு பஞ்சுத் தரகர் என்று இருபத்திரண்டு பேர். உலகத்தில் யாரும் கேட்காத கேள்விகளுக்கு அவர்கள் அங்கே வாராவாரம் பதில் கண்டுபிடித்தார்கள். பேர் சனிக்கிழமை விவாத சபை.

முத்திருளன் அந்தச் சபையின் பியூன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊரிலிருந்து இருபத்தாறு வயதில் மதுரைக்கு வந்தவன். ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தான். எழுத்துக்கூட்டி வாசிப்பான், எழுதினால் எழுத்துகள் ஒவ்வொன்றும் கருப்பட்டி அச்சு மாதிரி கனமாக இருக்கும். நாற்காலி போடுவது, பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது, கீழே நெய்க்கடைக்குப் பக்கத்தில் இருந்த சங்கிலியின் கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வருவது, இருமுகிறவர்களுக்குச் சுக்குத் தண்ணீர் கொடுப்பது, இவ்வளவும் அவன் வேலை. வேலை முடிந்ததும் கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டது எதுவும் அவனுக்கு மறக்காது. அது ஒரு வரமா வினையா என்று அவனுக்கே தெரியாது.

சபை எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே ஊரில் போய் நிற்கும். மதுவிலக்கு என்று ஆரம்பிப்பார்கள், ஏதென்ஸில் முடியும். வைகைக்கு இன்னொரு பாலம் வேண்டுமா என்று ஆரம்பித்தாலும் ஏதென்ஸில்தான் முடியும். காரணம் இரண்டு பேர். ஒருவர் வக்கீல் ராஜாராமன், சபையின் காரியதரிசி. ஆள் குள்ளம், குரல் கோபுர உயரம். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிரேக்க ஊரில் ராஜா இல்லாமல் ஜனங்களே கூடி, கையைத் தூக்கி, தங்களைத் தாங்களே ஆண்டார்களே, அதைப் போல ஒரு பொற்காலம் உலகத்தில் வந்ததே இல்லை என்பது அவர் கட்சி. மற்றவர் பட்டாபிராமன், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சந்தைக்கடை, அவ்வளவுதான்.

"சந்தைக்கடையா?" என்பார் ராஜாராமன்.

"சந்தைக்கடையில்கூட கிழவனுக்கு விஷம் கொடுக்கறதில்லை ஓய். கேள்வி கேட்டார்ங்கற ஒரே குத்தத்துக்கு, எழுபது வயசு மனுஷனை ஓட்டுப் போட்டுக் கொன்னா. அவரோட சிஷ்யன் அப்பவே சொல்லிட்டான், இது உருப்படாதுன்னு. அதுக்கப்புறம் ரெண்டாயிரம் வருஷம், மூளையுள்ளவன் ஒருத்தன் விடாம அதையேதான் சொன்னான்."

"நூறு வருஷத்துக்கு முன்னால லண்டன்ல ஒரு பாங்கிக்காரர் பன்னிரண்டு வால்யூம் எழுதி, அத்தனை பேரும் சொன்னது தப்புன்னு நிரூபிச்சாச்சு."

"பாங்கிக்காரனுக்கு என்ன தெரியும்?"

"பன்னிரண்டு வால்யூம் ஓய்!"

"பொய்யைச் சொல்லத்தான் அவ்வளவு இடம் வேணும்."

இப்படிப் பத்து வருஷம். முதல் வருஷம் முழுக்க முத்திருளன் அந்த ஊர் தேவகோட்டைப் பக்கம் எங்கோ இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். 'ஏதனூர்' என்றுதான் அவன் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய் மனைவி செல்லத்தாயிடம் சொல்வான்: "அந்த ஏதனூர்க்காரகளுக்கு ஒரு ஆளைப் பிடிக்கலேன்னா, ஓட்டாஞ்சில்லுல அவன் பேரை எழுதிப் போடுவாகளாம். ஆறாயிரம் சில்லு விழுந்துச்சுன்னா பத்து வருசத்துக்கு ஊரை விட்டுப் போயிரணுமாம்."

செல்லத்தாய் உலை வைத்துக்கொண்டே கேட்பாள். "ஆறாயிரம் பேருக்கு எழுத்துத் தெரியுமா? நல்ல ஊருதான். எந்தப் பக்கம்?"

"தேவகோட்டைக்கு அங்கிட்டு."

பிறகு ஒரு நாள் ராஜாராமன் சுவரில் உலகப் படத்தை மாட்டிக் கம்பால் தொட்டுக் காட்டியபோதுதான் அவனுக்கு விஷயம் விளங்கியது. அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில்தான் விவகாரம் முற்றியது. பத்து வருஷமாக ராஜாராமனே காரியதரிசி. சபையில் தலைவர் என்று யாரும் கிடையாது, எல்லாம் காரியதரிசிதான். என்ன பேசுவது, யார் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது என்று அவரே தீர்மானிப்பார். பெரும்பாலும் அவரே பேசுவார், ஒன்றரை மணி நேரம். அந்த வருஷத் தேர்தலில் பட்டாபிராமன் எதிர்த்து நின்றார். ஓட்டு எடுத்தார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் பதினொன்றுக்குப் பதினொன்று. மூன்றாவது தடவைக்குள் சோடா தீர்ந்துவிட்டது. முத்திருளன் வாங்கப் போனான். அவன் வருவதற்குள் மூன்றாவது தடவையும் சரிசமம்.

பட்டாபிராமன் எழுந்தார். முகத்தில் ஒரு விஷமம்.

"நம்ம காரியதரிசி பத்து வருஷமா ஒண்ணு சொல்லிண்டிருக்கார். ஏதென்ஸ்ல உத்தியோகத்துக்கெல்லாம் ஆளைத் தேர்ந்தெடுக்கறது ஓட்டால இல்லை, குலுக்குச் சீட்டால. அதுதான் உத்தமமான முறை, பணக்காரன் ஏழை வித்தியாசம் பார்க்காத முறைன்னு. சரி. குலுக்கிப் பார்த்துடலாமா?"

ராஜாராமனுக்குத் தப்ப வழியில்லை. இரண்டு சீட்டில் ஒன்று தன்னுடையது, பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டார். "பேஷாப் போடும்" என்றார்.

"அது எப்படி ரெண்டு சீட்டு? அவா ஊரோட பேரையும் போட்டாளே. சபைப் பதிவேட்டுல உள்ள அத்தனை பேரும் வரணும்" என்றார் பட்டாபிராமன். ஹெட்மாஸ்டர் ஆயிற்றே. வருகைப் பதிவேட்டில் ஒரு பேர் விடுபட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் எவர் என்று யோசிக்காமல் ஒவ்வொரு பேராகப் பார்த்து அவரே சீட்டு எழுதினார். முத்திருளன் சுக்குத் தண்ணீர்ப் பானையைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தான். எழுத்துத் தெரியாத ஆள் எடுத்தால் சந்தேகம் வராது என்று கீழேயிருந்து சங்கிலியைக் கூப்பிட்டார்கள். சங்கிலி கையைத் துண்டில் துடைத்து, சாமி கும்பிட்டு, பானைக்குள் விட்டு ஒரு சீட்டை எடுத்தான்.

பட்டாபிராமன் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முத்திருளன்" என்றார்.

"சாமி?" என்று முத்திருளன் கதவோரத்திலிருந்து எழுந்து வந்தான். சோடா கேட்கிறார் என்று நினைத்தான்.

விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் சபையைச் சர்க்காரில் பதிவு செய்யப் போனபோது ஏழு பேர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அன்றைக்கு ஆறு பேர்தான் இருந்தார்கள். ராஜாராமனே அவசரத்துக்கு, "முத்திருளா, இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று கூப்பிட்டு ஏழாவது பேராக எழுதிவிட்டார். அப்புறம் அதை அவரும் மறந்தார், எல்லாரும் மறந்தார்கள். பதிவேடு மறக்கவில்லை. சட்டப்படி முத்திருளன் ஸ்தாபக உறுப்பினர். அவனிடமும் அன்றைக்கு ஓட்டுக் கேட்டிருந்தால் பதினொன்றுக்குப் பதினொன்று என்ற தொல்லையே வந்திருக்காது என்பதைப் பஞ்சுத் தரகர் வெள்ளைத்துரை மெதுவாக எடுத்துச் சொன்னார். யாரும் அதை ரசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பத்து வருஷமாக ஏதென்ஸைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ராஜாராமன் அரை நிமிஷத்தில் கட்சி மாறினார்.

"ஏதென்ஸ்காரன் முட்டாள் இல்லை! சீட்டுன்னா எல்லாருக்கும் சீட்டா? அடிமைக்குக் கிடையாது, வெளியூரானுக்குக் கிடையாது. வேலைக்காரனையெல்லாம் சபையில உட்கார வைக்கலை அவா. அது தெரியாம பேசப்படாது!"

பத்து வருஷமாக ஏதென்ஸைத் திட்டிய பட்டாபிராமன் மேஜையைத் தட்டினார். "குலுக்கல் குலுக்கல்தான் ஓய்! ஜனங்களோட தீர்ப்பைவிட உசந்தது அதிர்ஷ்டத்தோட தீர்ப்பு. அதுல லஞ்சம் கிடையாது. ஏதென்ஸ்ல அவ்வளவு ஞானம் இருந்திருக்கு, எனக்கு இத்தனை நாள் தெரியலையே!"

"இத்தனை நாள் சந்தைக்கடைன்னு சொன்னேளே?"

"நீர் பொற்காலம்னீரே?"

இருவரும் கத்தி முடித்ததும் எல்லாரும் முத்திருளனைப் பார்த்தார்கள். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் காரியதரிசின்னா, சோடா யாரு சாமி எடுத்துத் தாரது?"

அந்தக் கேள்வியை மட்டும் சபை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது செல்லத்தாய் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள், "வேணாமுன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

"இன்னும் சொல்லல. வாற சனிக்கிழமை சொல்லணும்."

"எதுக்குச் சொல்லணும்? நீங்களா போயிக் கேட்டீங்க? தானா விழுந்துச்சு. ஒரு வருசம் இருந்துதேன் பாருங்களேன்."

இருந்து பார்த்தான். காரியதரிசியும் அவனே, பியூனும் அவனே. சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் காரியதரிசி அறிக்கை எழுதுவான். பியூன் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். "காரியதரிசி குடுக்கச் சொன்னாரு" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நீட்டுவான். ராஜாராமன் வீட்டில் அதை அவர் மனைவி அகிலாண்டம்தான் வாங்குவாள். வாங்கும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

முதல் காரியமாக அவன் ஒரு செம்பு வட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையளவு கிண்ணம், அடியில் ஊசித் துவாரம். ஒரு சட்டித் தண்ணீரில் மிதக்க விட்டால் துவாரம் வழியாகத் தண்ணீர் ஏறி, கால் மணி நேரத்தில் முங்கிவிடும். அவன் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வருகிற வருஷத்தில், பங்காளிகள் வெட்டுக்குத்து இல்லாமல் முறை வைத்துப் பாய்ச்சுவது இந்த வட்டிலை வைத்துத்தான். ஒரு வட்டில் தண்ணீர் இவனுக்கு, ஒரு வட்டில் அவனுக்கு.

"இனிமே ஒரு ஆளுக்கு ஒரு வட்டில் பேச்சு" என்றான்.

ராஜாராமன் முதல் பேச்சாளர். ஐரோப்பாக் கண்டத்தின் வரலாற்றைச் சொல்லி, கடலைக் கடந்து, துறைமுகத்தில் இறங்குவதற்குள் வட்டில் முங்கிவிட்டது.

"முங்கிருச்சு சாமி."

"இன்னும் முன்னுரையே முடியலையேடா!"

"முங்கிருச்சுங்க."

பட்டாபிராமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓய், ஏதென்ஸ் கோர்ட்டிலேயும் துவாரம் போட்ட பானையை வச்சுத்தான் வக்கீல் வாயை அடைச்சான்னு படிச்சிருக்கேன். உமக்குத் தெரியாததா?" தெரியும் என்பது ராஜாராமன் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த வட்டில் பட்டாபிராமனுடையது. அவரும் முங்கினார்.

நடவடிக்கைக் குறிப்பையும் காரியதரிசிதான் எழுத வேண்டும். முன்பெல்லாம் இங்கிலீஷில் நான்கு பக்கம் இருக்கும். முத்திருளன் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதினான். அந்த நோட்டைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக் குறிப்பு இது: 'ராஜாராமன் அய்யர் பேசினார். போன மாசம் பேசினதே. பட்டாபிராமன் அய்யர் பதில் சொன்னார். அதுவும் போன மாசம் சொன்னதே. வெள்ளைத்துரை தூங்கினார். மழை.'

குறிப்பில் அப்படிப் பதிவாகிவிடும் என்ற பயத்தில் இரண்டு பேரும் புதிதாகப் படிக்க ஆரம்பித்தார்கள். சபையின் தரம் அந்த வருஷம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது என்று பட்டாபிராமன் வாய்விட்டே சொன்னார். ராஜாராமன் மட்டும் முத்திருளனைக் காரியதரிசி என்று ஒரு தடவைகூட வாயால் சொல்லவில்லை. "அந்தப் பையன்" என்பார். அந்தப் பையனுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

தை மாதம் தம்பி விருமாண்டிக்குக் கல்யாணம். முத்திருளன் ஊருக்குப் போனான். அங்கேதான் சிக்கல் வந்தது.

அந்த நாளில் உசிலம்பட்டி வட்டாரத்தில் ரேகைச் சட்டம் இருந்தது. குற்றம் செய்தானோ இல்லையோ, சர்க்கார் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய குலத்தில், முத்திருளன் குலமும் அதில் ஒன்று, பிறந்த ஆண்பிள்ளை விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். ராதாரிச் சீட்டு என்பார்கள். முத்திருளனுக்கு மதுரையில் வேலை இருந்ததால் ஒரு விலக்கு. வருஷாவருஷம் சபைக் காரியதரிசி, 'இவன் எங்களிடம் வேலை பார்க்கிறான், நடத்தை நல்லது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கடிதத்தை ஸ்டேஷனில் காட்டிச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்வான். பத்து வருஷமாக ராஜாராமன் கையெழுத்து. இந்த வருஷம் காரியதரிசி யார்?

அவன் ரொம்ப யோசித்தான். யோசித்து, விதிப்படியே செய்தான்.

ஏட்டு கடிதத்தை வாசித்தார். 'எங்கள் சபை ஊழியர் முத்திருளன் என்பவர் யோக்கியர். அவர் நடத்தையை நான் நன்றாக அறிவேன். இப்படிக்கு, முத்திருளன், காரியதரிசி.'

"இதுல கையெழுத்து யாருது?"

"காரியதரிசியோடதுங்க."

"காரியதரிசி யாரு?"

"நாந்தேங்க."

"அந்த யோக்கியன் யாரு?"

"அதுவும் நாந்தேங்க."

ஏட்டு கடிதத்தை மேஜைமேல் போட்டார். "ஏண்டா, உனக்கு நீயே நன்னடத்தைச் சீட்டு எழுதிக்கிருவியா? எம்புட்டுத் துணிச்சல்!" என்று அவனை ஸ்டேஷன் மூலையில் உட்கார வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தவன், தம்பி தாலி கட்டுகிற நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூரத்தில் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

விருமாண்டி கல்யாண வேட்டியோடு ஓடிப் போய்ச் சபைக்குத் தந்தி அடித்தான். தந்தியை வாங்கிய சங்கிலி அதை யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லி, அலறியடித்துக்கொண்டு பட்டாபிராமன் வீட்டுக்கு ஓடினான். பட்டாபிராமன் ராஜாராமன் வீட்டுக்கு ஓடினார். ராஜாராமன் கோர்ட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார். பத்து வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே திசையில் நடந்தது அன்றைக்குத்தான். மறுநாள் காலை போடி ரயிலில் வந்து இறங்கினார்கள். பட்டாபிராமன் கக்கத்தில் சபைப் பதிவேடு.

சப் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த ஆளு உங்க சபைக்குக் காரியதரிசிங்கிறான். சொல்ற பொய்யைக் கொஞ்சம் பொருத்தமாச் சொல்லக் கூடாதா?"

"பொய் இல்லை" என்று பட்டாபிராமன் பதிவேட்டை விரித்தார். "தீர்மானம், தேதி, இருபத்திரண்டு பேர் கையெழுத்து. எல்லாம் இருக்கு."

சப் இன்ஸ்பெக்டர் பக்கத்தைப் படித்தார். பிறகு கோட்டுப் போட்ட வக்கீலை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இவன் காரியதரிசின்னா, நீங்க யாரு சார்?"

ராஜாராமன் தொண்டையைச் செருமினார். மூலையில் உட்கார்ந்திருந்த முத்திருளனைப் பார்த்தார். இரண்டு நாள் தாடி, கசங்கிய கல்யாணச் சட்டை.

"நான் சாதாரண மெம்பர்" என்றார். "இவர்தான் எங்க காரியதரிசி. இவர் சொல்றபடிதான் நாங்க கேட்டுண்டிருக்கோம். வேணும்னா கோர்ட்டில் வந்து சொல்றேன்."

கோர்ட் என்ற சொல் வேலை செய்தது. ராஜாராமன் தன் பேரிலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் சீட்டைப் புதுப்பித்து அனுப்பிவிட்டார்கள். விருமாண்டி வீட்டில் பந்தி முடிந்து, இவர்களுக்காக வாழைப்பழமும் இளநீரும் வைத்திருந்தார்கள்.

திரும்பி வருகிற ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். செக்கானூரணி தாண்டும் வரை ராஜாராமன் பேசவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பட்டாபிராமன் பார்த்ததில்லை.

"முத்திருளா" என்றார் கடைசியில். "அன்னிக்குச் சபையில நான் ஒண்ணு சொன்னேன்."

"எது சாமி? நெறையச் சொன்னீக."

"அடிமைக்கெல்லாம் சீட்டுக் கிடையாதுன்னு."

"அது ஏதென்ஸ்காரகளைச் சொன்னீக."

"இல்லைப்பா. உன்னைத்தான் சொன்னேன்."

"தெரியும் சாமி" என்றான் முத்திருளன். வெளியே கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. பட்டாபிராமன் தன் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பில் ஒன்றைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்தார், இன்னொன்றை ராஜாராமனுக்கு.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் செல்லத்தாய் கொஞ்ச நேரம் போலீஸை வைதாள். வைது முடிந்ததும் அவளுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. "அந்த ஊர்ல அடிமைக்குச் சீட்டு இல்ல. சரி. பொம்பளைகளுக்கு?"

"கேட்டதில்லையே."

"பத்து வருசமா கேக்கிறீங்க. இதைக் கேக்கலையா?"

அடுத்த சனிக்கிழமை கேட்டான். பெண்களுக்கும் கிடையாது என்றார் ராஜாராமன், குரல் இறங்கி. ஏன் என்று கேட்டான். அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள் என்றார் பட்டாபிராமன். முத்திருளன் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த வார அறிக்கையில், 'வாற கூட்டத்துக்கு உறுப்பினர் வீட்டுப் பெண்டுகளும் வரலாம், பேசலாம். தலைப்பு: ஏதென்ஸை இதுவரை எடை போட்டவர்கள்' என்று எழுதி வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பெண்கள் கையிலேயே கொடுத்தான். அகிலாண்டம் வாங்கி வாசித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "யார் வேணுமானாலும் பேசலாமா முத்திருளன்?" என்று கேட்டாள்.

"ஒரு வட்டில் நேரம்மா. அதுக்கு மேல முங்கிரும்."

ஏழு பெண்கள் வந்தார்கள். செல்லத்தாயும் ஒருத்தி, அவள் உறுப்பினர் வீட்டுப் பெண் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அகிலாண்டம் எழுந்தாள். கையில் குறிப்புக் காகிதம் எதுவும் இல்லை. முத்திருளன் வட்டிலை மிதக்கவிட்டான்.

"அந்த ஊரைப் பத்தித் தீர்ப்புச் சொன்னவா எல்லாரையும் நான் ஒவ்வொருத்தராப் பார்த்துண்டு வந்தேன்" என்று ஆரம்பித்தாள். "முதல்ல திட்டினவா பெரிய வீட்டுப் பிள்ளைகள். யுத்தத்துல ஊர் தோத்துப்போச்சு, வாத்தியாரையும் பறிகொடுத்தாச்சு. அவாளுக்குக் கோபம். அப்புறம் அமெரிக்காவுல புது ராஜாங்கம் கட்டினவா. எங்களுது அந்த ஊர் மாதிரி இல்லை, பயப்படாதீங்கோன்னு சத்தியம் பண்ணினா. நிலம் நீச்சு, அடிமைகள்னு வச்சிருந்தவா. கூட்டம் கூடி அதைப் பங்கு போட்டுடுமோன்னு பயம். பிரான்ஸுல ராஜா தலையை வெட்டினப்புறம் பணக்காரா எல்லாரும் நடுங்கிப்போய், எல்லாம் ஏதென்ஸைப் படிச்சதால வந்த வினைன்னா. அப்புறம் அந்த லண்டன் பாங்கிக்காரர். அவர் ஊர்ல இன்னும் நிறையப் பேருக்கு ஓட்டு வேணும்னு பார்லிமெண்ட்ல சண்டை போட்டவர் அவர். அதனால ஏதென்ஸ் அவருக்குச் சொர்க்கமா இருந்தது."

 வெள்ளைத்துரை விழித்திருந்தார்.

"ஏன் அவ்வளவு தூரம் போகணும்? எங்காத்துக்காரர் அந்த ஊரைப் புகழறார். முனிசிபாலிட்டி எலெக்‌ஷன்ல நிக்கணும்னு ஆசை. ஹெட்மாஸ்டர் மாமா திட்டறார். முப்பது வருஷம் வகுப்புல நின்னவர். நாப்பது கை ஒண்ணாத் தூக்கினா அவருக்கு இன்னும் படபடப்பு."

சிரிப்பு கீழே நெய்க்கடை வரை கேட்டது. சிரித்ததில் முதல் ஆள் பட்டாபிராமன். ராஜாராமன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் பன்னிரண்டு வால்யூமையும் தனக்கு முன்னால் யார் படித்து மூலையை மடக்கி வைத்திருந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்ப என் கணக்கு. நான் அந்த ஊர்ல பொறந்திருந்தா…"

வட்டில் முங்கியது.

"முங்கிருச்சும்மா" என்றான் முத்திருளன்.

"இன்னொரு வட்டில் குடுங்கோ காரியதரிசி!" என்று கத்தினவர் ராஜாராமன்.

"ஆளுக்கு ஒண்ணுதேன் சாமி. அம்மா வாற வாரம் பேசட்டும்."

அகிலாண்டம் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மாடிப்படி வரை கூட்டம். அவள் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்த ஊரில் பிறந்திருந்தால் தன்னால் இப்படி நின்று பேச முடியாது, அடுப்படியில்தான் இருந்திருப்பாள். அதற்காக அந்த ஊரை மன்னிக்கவும் முடியவில்லை. ஆனால் செருப்புத் தைக்கிறவனும் எழுந்து நின்று, என் ஊர்க் காரியத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது என்று சொல்லலாம் என்பதை அங்கேதான் செய்து பார்த்திருக்கிறார்கள். அதைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை. "ரெண்டுல எதுன்னு கேட்டா எனக்கே தெரியலை. தெரியலைன்னு சொல்றதுக்கு வெட்கமா இல்லை" என்று முடித்தாள். வட்டிலில் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

நடவடிக்கைக் குறிப்பில் முத்திருளன் எழுதினான்: 'அகிலாண்டத்தம்மாள் பேசினார்கள். புதுசு. யாரும் சோடா கேட்கவில்லை.'

வருஷம் முடிந்ததும் மறுபடி குலுக்கினார்கள். வெள்ளைத்துரைக்கு விழுந்தது. அவர் வருஷம் முழுக்கத் தூங்கினார், யாரும் குறை சொல்லவில்லை. ராஜாராமன் முனிசிபல் தேர்தலில் நின்று தோற்றார். தோற்ற அன்றைக்கு ஜனங்களைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுப் பட்டாபிராமன் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். முத்திருளனையும் ஒரு கட்சிக்காரர் ஏதோ ஒரு போர்டுக்கு நிற்கச் சொன்னார். "குலுக்கிப் போட்டு விழுந்தாச் செய்யலாம். எனக்குப் போடுங்கன்னு தெருத்தெருவா எப்படிங்க கேக்கிறது?" என்று கூச்சப்பட்டு மறுத்துவிட்டான்.

யுத்த காலத்தில் அந்த மாடியை ரேஷன் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டார்கள். சபை கலைந்தது, முத்திருளன் அதே மாடியில் ரேஷன் ஆபீஸ் பியூனாக நிலைத்தான். ரேகைச் சட்டம் நாற்பத்தேழில் ஒழிந்தது. அந்த மாதம் விருமாண்டி பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்தச் சீட்டும் வாங்காமல் மதுரைக்கு வந்து, பத்து நாள் தங்கி, ஊரிலுள்ள கொட்டகைகளில் எல்லாம் படம் பார்த்துவிட்டுப் போனான்.

அகிலாண்டம் தன் வீட்டு முன்கூடத்தில் பெண்களுக்கென்று ஒரு வாசிப்புக் கூட்டம் ஆரம்பித்திருந்தாள், வெள்ளிக்கிழமை தோறும். செல்லத்தாய் ஒரு வாரம் விடமாட்டாள். அங்கேதான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டாள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆபீஸ் விட்டு வருகிற முத்திருளன் எதிர்ச் சாரியில் ராஜாராமனோடு நின்று வெற்றிலை போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக வருகிற சிரிப்பையும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பான். கூட்டம் முடிந்து செல்லத்தாய் வெளியே வருவாள்.

"இன்னைக்கு என்ன பேச்சு, இம்புட்டுச் சிரிப்பு?" என்று கேட்பான்.

"ஒரு பெரிய சண்டைங்க. அகிலாண்டத்தம்மா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. பாதியிலதேன் நிக்கிது" என்பாள். "வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்."